வியப்பதற்கு யாருக்கு நேரம்

மண்டகப்பட்டுக்கு மாணவிகளை அழைத்துப் போனது குடைவரையைக் காட்டத்தான். பயண இலக்கியம் என்ற பாடப்பகுதியும் அந்த வாரம் பாக்கி இருந்ததால், பாறை நிழலில் உட்காரவைத்து அதையும் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். இரண்டையும் ஒன்றாக வைத்தது பிழை என்றுதான் முதலில் தோன்றியது. இந்தக் கட்டுரையே அந்தப் பிழையிலிருந்து வந்ததுதான்.

செஞ்சிக்கும் விழுப்புரத்துக்கும் இடையில் வயல்களுக்கு நடுவே இருக்கும் அந்தப் பாறையைப் பார்க்காதவர்களுக்குச் சிறு குறிப்பு. முகப்பின் இரு ஓரங்களிலும் இரண்டு பெரிய வாயிற்காவலர்கள். உள்ளே மூன்று கருவறைகள், மூன்றும் வெறுமை. தூணில் ஒரு வடமொழிக் கல்வெட்டு. செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுதை இல்லாமல் பிரமன், சிவன், திருமால் மூவருக்கும் கோயில் செய்வித்ததாக முதலாம் மகேந்திரவர்மன் அதில் பெருமைப்பட்டுக்கொள்கிறான். காலம் ஏழாம் நூற்றாண்டு. தன்னை அவன் அங்கே குறிப்பிட்டுக்கொள்ளும் பெயர் விசித்திரசித்தன்.

“அப்படின்னா என்ன மேடம்?”

“புதுசு புதுசா யோசிக்கிற மனசுக்காரன். விசித்திரமானதுல மனசு போறவன்.”

“ராஜாவுக்கு நேரம் இருந்திருக்கு” என்றாள் பின்வரிசையில் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டுப் பாடத்துக்குப் போனேன். குடும்பத்தில் யாராவது வெளிநாட்டில் இருந்திருந்தால் அவர்கள் சொன்ன ஆச்சரியங்களை ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னேன். எங்கள் கல்லூரியில் சிங்கப்பூர், துபாய் இல்லாத வகுப்பு கிடையாது. பலரும் எழுதினார்கள். குப்பையே இல்லாத சாலை, ஓட்டுநர் இல்லாத ரயில், அடுக்குமாடி. அண்ணன்களும் சித்தப்பாக்களும் அனுப்பிய புகைப்படங்களிலிருந்து எழுதியது போல இருந்தது.

நேரத்தைப் பற்றிச் சொன்ன அதே பெண் வெறுந்தாளைத் திருப்பித் தந்தாள். அவள் அம்மா குவைத்தில் ஏழு வருடம் வீட்டுவேலை செய்துவிட்டுத் திரும்பியவர். “எங்கம்மா ஊரப் பாக்கவே இல்ல மேடம். வீட்டுக்குள்ளயேதான் இருந்துது.” அதையே எழுது என்றேன். அடுத்த வாரம் ஒன்றரைப் பக்கம் கொண்டுவந்தாள். அவள் அனுமதியோடு, பெயர் சொல்லாமல், அந்த ஒன்றரைப் பக்கத்தை ஒரு பயண இலக்கியப் பிரதியாக வைத்துப் பேச விரும்புகிறேன். மற்றவற்றை அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

அதில் குவைத் நகரம் இல்லை, கடல் இல்லை, விமானம்கூட இல்லை. முதல் வரியே மாமா. வீட்டு எஜமானியை ‘மாமா’ என்றும் எஜமானரை ‘பாபா’ என்றும் கூப்பிட வேண்டும் என்று போன அன்றே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். வளைகுடா வீடுகளில் வேலைக்குப் போகும் பெண்கள் பலருக்கும் இது தெரியும். அரபியில் அது அம்மா. செஞ்சிப் பக்கத்துப் பெண்ணுக்கோ மாமா என்றால் அம்மாவின் தம்பி, மாமனார், சில வீடுகளில் கணவன். ஒரு பொம்பளையை, அதுவும் தன்னைவிட வயதில் சின்னவளை, மாமா என்று கூப்பிட நாக்கு வரவில்லை. ஒரு வாரம் எப்படியும் கூப்பிடாமல் சமாளித்திருக்கிறார். பிறகு பழகிவிட்டது. ஊருக்குத் திரும்பிய பிறகு சொந்த மாமாவைக் கூப்பிடும்போது ஒரு நொடி தயங்குகிறாராம்.

அடுத்தது மொழி. அவர் கற்ற அரபிச் சொற்களை மகள் வரிசையாக எழுதியிருந்தாள். யல்லா, தாலா, ஜீப், ஷீல். சீக்கிரம், வா, கொண்டுவா, எடுத்துட்டுப் போ. அத்தனையும் ஏவல் வினை. ஒரு மொழியைக் கட்டளையிடப்படுகிற பக்கத்திலிருந்து மட்டும் கற்றால் அதில் கேள்வி கேட்க முடியாது, கதை சொல்ல முடியாது. தொல்காப்பியம் நடத்தும்போது ஏவலைப் பற்றி எத்தனையோ முறை பேசியிருக்கிறேன். ஒருத்தியின் முழு மொழியறிவும் ஏவலால் ஆகியிருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றியதில்லை.

பிறகு குளிர். பாலைவனம் என்றால் வெயில் என்று நம்பிப் போனவருக்கு ஜனவரியில் கைவிரல் விறைத்தது. நோன்பு மாதத்தில் பகலெல்லாம் வீடு தூங்கும், இரவெல்லாம் சமையல் நடக்கும். இரண்டுக்கும் நடுவில் இவர் தூங்குவது எப்போது என்பதை யாரும் யோசிக்கவில்லை.

இந்த ஒன்றரைப் பக்கத்தின் மையம் நான்கு வரியில் போகிற போக்கில் வந்திருக்கிறது. அவர்கள் வீடு ஊருக்கு வெளியே காலனியில். ஊருக்குள் பெரிய வீட்டு வயலில் அந்த அம்மா இருபது வருடம் நாற்று நட்டிருக்கிறார், களை எடுத்திருக்கிறார். அந்த வீட்டு அடுப்பங்கரைக்குள் ஒருநாளும் கால் வைத்ததில்லை. குவைத்தில் அடுப்பங்கரையே அவர் கையில். அரிசியும் இறைச்சியும் அவர் தொட்டுச் சமைத்து, பெரிய தாம்பாளத்தில் கொட்டி, அந்தக் குடும்பம் மொத்தமும் சுற்றி உட்கார்ந்து கையால் அள்ளிச் சாப்பிட்டது. “அதப் பாத்துட்டு முத நாள் எங்கம்மா அழுதுடுச்சாம்” என்று எழுதியிருந்தாள். அதற்கு அடுத்த வரி: “பாஸ்போர்ட்ட அவங்களே வெச்சிக்கிட்டாங்க.” இரண்டு வரிக்கும் நடுவில் ‘ஆனால்’ இல்லை. நான் சிவப்பு மை பேனாவை மூடி வைத்தேன்.

இந்த இரண்டு வரிகளையும் சேர்த்துப் படிக்க நம் விமர்சனம் பழகியிருக்கிறதா என்பதுதான் என் கேள்வி. முதல் வரியை மட்டும் எடுத்தால், வெளிநாடு சாதியிலிருந்து விடுதலை தருகிறது என்று ஒரு கட்டுரை எழுதிவிடலாம். இரண்டாவதை மட்டும் எடுத்தால் அரபு நாட்டுக் கொடுமை என்று இன்னொன்று. வார இதழ்களில் இரண்டும் வந்திருக்கின்றன. பெரிய வீட்டு அடுப்பங்கரையைத் தாண்ட அவர் கடலைத் தாண்ட வேண்டியிருந்தது. தாண்டிய பிறகு தெருவைத் தாண்ட அவருக்கு அனுமதி இல்லை. ஒரே பெண்ணுக்கு, ஒரே வாரத்தில்.

தமிழில் பயண எழுத்துக்கு நல்ல மரபு இருக்கிறது. ஏ.கே. செட்டியாரை நான் விரும்பிப் படிப்பவள். ‘உலகம் சுற்றும் தமிழன்’ என்ற தலைப்பில் தொனிக்கும் பெருமிதம் அவருடைய நடையில் இருக்காது. குறைத்துச் சொல்பவர். பழைய பயணக் கட்டுரைகளைத் தேடித் தொகுத்து 1968இல் அவர் வெளியிட்ட நூல் இல்லாவிட்டால் இந்தத் துறைக்கு வரலாறே இருந்திருக்காது. அவருக்குப் பின் வார இதழ்களில் பெருகிய வெளிநாட்டுத் தொடர்களில் ஒரு வாய்பாடு உருவாயிற்று. விமான நிலையத்தில் சிறு பதற்றம், சாலைச் சுத்தம் கண்டு நாணம், நம் ஊர் மீது ஒரு சலிப்பு, நான்காம் நாள் சாம்பார் சாதத்துக்கு ஏங்குதல், அந்த ஊர்த் தமிழர் ஒருவர் வீட்டு விருந்து. அந்தச் சாம்பாரை வைத்த பெண்மணி ‘அன்போடு உபசரித்தார்’ என்பதோடு மறைந்துவிடுவார். அவர் எப்போது அந்த ஊருக்கு வந்தார், முதல் குளிர்காலத்தை எப்படிக் கழித்தார், யாரோடு பேசினார், எதுவும் கிடையாது. வியப்பு அவரிடம் கேட்கப்படுவதே இல்லை.

வந்து பார்த்து வியப்பவர்களுக்குச் செஞ்சியும் பழக்கப்பட்ட இடம்தான். பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் கிருஷ்ணப்ப நாயக்கரைப் பார்க்க வந்த பிமெண்டா என்ற ஏசுசபைப் பாதிரியார், லிஸ்பன் நீங்கலாகப் போர்த்துகலின் எந்த நகரத்தையும்விட இது பெரிது என்று வியந்து எழுதினார். மகேந்திரவர்மனின் குடைவரைகளை ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் புதுச்சேரியில் ஆசிரியராக இருந்த பிரெஞ்சுக்காரர் ழூவோ துப்ராய். இவர்களுக்கெல்லாம் நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் செஞ்சியில் வாழ வந்த ஓர் அந்நியப் பெண்ணைப் பற்றி நமக்குத் தெரிந்தது என்ன என்று கேட்டால், உடனே ஒரு கதைப்பாடலில் போய் முட்டிக்கொள்வோம்.

தேசிங்கு ராஜன் கதை தெரியாதவர்கள் வட தமிழ்நாட்டில் குறைவு. தெருக்கூத்து, கதைப்பாடல், 1960இல் எம்.ஜி.ஆர். நடித்த படம். தேஜ் சிங் என்ற அந்த இளைஞன் புந்தேல ராஜபுத்திரன். ஔரங்கசீப் காலத்தில் செஞ்சிக் கோட்டையைப் பெற்ற சொரூப் சிங்கின் மகன். 1714இல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானோடு மோதிச் செத்தான். அவனுடைய குதிரைக்குக் கதைப்பாடலில் பெயர் உண்டு. தோழன் மோவுத்துகானுக்குப் பெயரும் வீரமும் சமாதியும் உண்டு. மனைவி உடன்கட்டை ஏறினாள். அவள் நினைவாக நவாப் பாலாற்றங்கரையில் ஓர் ஊரை ஏற்படுத்தினார் என்பது வழக்கு. அது ராணிப்பேட்டை. 2019இல் தனி மாவட்டமாகவும் ஆகிவிட்டது. நான் படித்த வரலாற்று நூல்களில் அவள் தேசிங்கின் மனைவி, அவ்வளவுதான். ராணி என்பது பெயர் அல்ல.

அவள் புந்தேல்கண்டிலிருந்து வந்தவள். கோதுமை விளையும் நிலத்திலிருந்து அரிசிச் சோற்றுக்கு, தனக்குப் புரியாத மொழிக்கு, ராஜகிரியின் வெக்கைக்கு. முதல் முறை புளியைச் சுவைத்தபோது முகம் எப்படிப் போயிற்று? பணிப்பெண்கள் என்ன மொழியில் பேசினார்கள்? பாடலும் படமும் இவற்றைக் கேட்கவில்லை. தமிழ் மண்ணில் அவளுக்குக் கிடைத்த ஒரே வினை எரிதல். கற்புக்கு எல்லை கிடையாது என்று சொல்ல இந்தக் கதை நமக்கு உதவுகிறது. ஓர் அந்நியப் பெண்ணின் அந்நியத்தன்மையை முற்றாகக் கரைத்து ‘நம் ராணி’ ஆக்கிக்கொள்ளச் சிதை பயன்பட்டிருக்கிறது. கோட்டைக்குப் போகும்போது அவளைப் பற்றி வகுப்பில் சொல்வேன். மாணவிகள் கண் கலங்குவார்கள். கலங்குவது எனக்குக் கவலையாகத்தான் இருக்கிறது.

எதிர்த்திசையில் ஒரு பிரதி இருக்கிறது. தமிழ் வீட்டுக்குள் வாழ வந்து, வியந்து, வியப்பை எழுதியும் வைத்த பெண். மார்கரெட் ட்ராவிக் என்ற அமெரிக்க மானிடவியலாளர் எழுதிய ‘நோட்ஸ் ஆன் லவ் இன் எ தமிழ் ஃபேமிலி’ 1990இல் கலிபோர்னியா பல்கலைக்கழக வெளியீடாக வந்தது. கைக்குழந்தையோடு தமிழ்நாட்டுக்கு வந்தவர். ஒரு தமிழறிஞரிடம் திருக்கோவையார் கற்கப்போய், கடைசியில் அந்த அறிஞரின் வீட்டையே, குறிப்பாக அண்ணி என்று அவர் குறிப்பிடும் பெண்ணையே, பாடமாகக் கற்றவர். நம் வீட்டில் அன்பு எப்படி வெளிப்படாமல் வெளிப்படுகிறது என்பதே அவர் வியப்பு. பெற்ற பிள்ளையைப் பிறர் முன் கொஞ்சாமல் இருப்பது, கடிந்து பேசுவது, யார் பிள்ளை யாருடையது என்று தெரியாமல் கலந்து வளர்ப்பது. அடக்கம், பழக்கம், கொடுமை, அழுக்கு, பணிவு, எளிமை, அடிமை, மயக்கம் என்று நாம் அன்றாடம் கண்டுகொள்ளாத சொற்களை அன்பின் முகங்களாக அவர் வரிசைப்படுத்திக் காட்டும்போது, நம் வீட்டைப் பக்கத்து வீட்டு மாடியிலிருந்து பார்ப்பது போல இருக்கும். அந்த நூலின் மேல் எனக்கு மதிப்பு உண்டு. தன் சங்கடத்தை மறைக்காமல் எழுதுகிறவர்.

ஆனால் அடிமை என்பதை அன்பின் ஒரு வடிவமாகக் கண்டு நெகிழ, வந்தவருக்குத் திரும்பிப்போக ஒரு பயணச்சீட்டு வேண்டும். அந்தப் பகுதியை வகுப்பில் தமிழில் விளக்கிச் சொன்னபோது குவைத் அம்மாவின் மகள் கேட்டாள்: “அன்புன்னு சொல்லிட்டா வேலைக்குக் கணக்கு இல்லையா மேடம்?” ட்ராவிக்குக்கு இது தெரியாது என்று சொல்ல மாட்டேன். அவர் பின்னாளில் ஒடுக்கப்பட்ட பெண்களின் பாடல்களைக் கேட்டு, எழுதி, 2017இல் தனி நூலாகவே கொண்டுவந்தார். இருந்தாலும் இந்தக் கேள்வியைக் கேட்க வேறொரு வீட்டின் அடுப்பங்கரையிலிருந்து வந்தவள் தேவைப்பட்டாள்.

எஜமானியை மாமா என்று கூப்பிடச் சொல்வதும் அதே கணக்கின்மைதான். உறவுச் சொல் வந்துவிட்டால் வேலைநேரம் போய்விடும். அம்மாவுக்குச் செய்வதற்கு மணிக்கணக்கு ஏது? குவைத்தில் 2015இல் வீட்டுப் பணியாளர்களுக்கென்று தனிச் சட்டம் வந்தது. வாரம் ஒருநாள் ஓய்வு, நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, கடவுச்சீட்டை முதலாளி வைத்துக்கொள்ளக் கூடாது என்றெல்லாம் அதில் இருக்கிறது. சட்டம் தொழிலாளி என்கிறது, வீடு மகளே என்கிறது, எது பலிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. புகுந்த வீட்டுக்குப் போன எந்தத் தமிழ்ப்பெண்ணுக்கும் இது புது விஷயமா? முன்பின் தெரியாத ஒருவரை அன்று மாலையிலிருந்து அத்தை என்கிறோம். அந்த வீட்டு ரசத்தின் ருசி நமக்கு விநோதமாக இருந்தால் அதைச் சொல்லக் கூடாது. பாஸ்போர்ட் எடுப்பதற்கு வெகு முன்பே நாம் அந்நிய வீட்டில் குடியேறி, வியப்பை விழுங்கப் பழகியவர்கள். (என் வீட்டில் பாத்திரம் தேய்க்க வருபவர் என்னை அக்கா என்கிறார். போன வருடம் அவருக்கு எத்தனை நாள் விடுப்பு கொடுத்தேன் என்று இதை எழுதும்போது எண்ணிப் பார்த்தேன். இங்கே எழுதும் அளவுக்கு அது பெரிய எண் இல்லை.)

வியப்பு விழுங்கப்படுவது ஒரு மனக்குறை மட்டுமாக இருந்தால் இவ்வளவு பேச வேண்டாம். மூதூரின் ஏழைக் குடும்பத்திலிருந்து 2005இல் சவூதிக்கு வீட்டுவேலைக்குப் போன ரிஸானா நபீக்கை நினைத்துப் பாருங்கள். கடவுச்சீட்டில் வயதைக் கூட்டிப் போட்டு அனுப்பப்பட்ட சிறுமி. போன சில வாரங்களில் அவர் பொறுப்பில் விடப்பட்ட கைக்குழந்தை இறந்துபோனது. கொலை என்று வழக்கு. 2007இல் மரண தண்டனை விதிக்கப்பட்டு, 2013 ஜனவரி 9 அன்று தலை வெட்டப்பட்டது. முதல் விசாரணையில் அவருக்கு வழக்கறிஞர் இல்லை. வாக்குமூலத்தை மொழிபெயர்த்தவருக்கு அதற்கான தகுதி இல்லை என்று மனித உரிமை அமைப்புகள் தொடர்ந்து சொல்லிவந்தன. சிறையிலிருந்து அவர் தமிழில் தந்த விளக்கத்தின்படி, புட்டிப்பால் கொடுக்கும்போது குழந்தைக்கு மூக்கிலும் வாயிலும் பால் வந்தது. அவர் அதன் தொண்டையைத் தடவிவிட்டார். குழந்தைக்குப் புரையேறினால் நம் வீடுகளில் என்ன செய்வோம்? உச்சந்தலையைத் தட்டுவோம், நெஞ்சைத் தடவுவோம், தொண்டையை நீவிவிடுவோம். அந்த வீட்டில் அது கழுத்தை நெரித்ததாக ஆயிற்று.

கலாச்சார வேறுபாடு என்று பயணக் கட்டுரைகள் சிரிப்புக்காகச் சொல்லும் விஷயத்தின் மறுமுனை இது. தவறான கையில் சாப்பிட்டுவிட்டேன், தவறான வார்த்தையைச் சொல்லிவிட்டேன், எல்லோரும் சிரித்தார்கள் என்று எழுத முடிகிறவருக்குத் தன் செய்கையை விளக்க மொழியும், கேட்க ஆளும் இருக்கிறது. ரிஸானாவுக்கு அந்த நாட்டு மொழியில் என்னென்ன சொற்கள் தெரிந்திருக்கும் என்று யோசிக்கும்போது எனக்கு அந்த ஒன்றரைப் பக்கத்தின் ஏவல் வினைகள்தான் ஞாபகம் வருகின்றன. புரையேறியது என்பதை ஜீப், ஷீல் வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது?

அரசுகள் இதற்குச் சொன்ன பதிலையும் பார்க்க வேண்டும். இலங்கை பெண்களின் வயது வரம்பை உயர்த்தியது, சிறு பிள்ளைகள் உள்ள தாய்மார் போக முடியாதபடி குடும்பப் பின்னணி அறிக்கை கேட்டது. இந்தியாவில் பத்தாம் வகுப்பு தேறாத பெண் வளைகுடாவுக்கு வீட்டுவேலைக்குப் போக முப்பது வயது ஆகியிருக்க வேண்டும். பாதுகாப்பு என்றால் நம் ஆட்சியாளர்களுக்கு முதலில் தோன்றுவது பெண்ணை வீட்டில் வைப்பதுதான். போவதற்கு முன் ‘எனக்கு உடம்பு சரியில்லை’, ‘குழந்தைக்கு மூச்சு முட்டுகிறது’, ‘எனக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும்’ என்று மூன்று வாக்கியங்களை அந்த நாட்டு மொழியில் ஒழுங்காகக் கற்றுக்கொடுப்பதற்கு ஆகும் செலவு அதிகம் இல்லை.

அந்த மாணவியிடம் ஒன்றரைப் பக்கத்தை ஐந்தாறு பக்கமாக எழுது, அம்மாவிடம் இன்னும் கேள் என்று சொல்லியிருக்கிறேன். அந்த வீட்டு ஜன்னலிலிருந்து என்ன தெரிந்தது, வேறு நாட்டு வேலைக்காரப் பெண்கள் யாரையாவது சந்தித்தாரா, அழுத அன்று அந்த மாமா அவரிடம் என்ன கேட்டாள். இரண்டு மாதமாகத் தாள் வரவில்லை. போன வாரம் வராந்தாவில் பிடித்துக் கேட்டேன்.

“அதுக்கு நேரமே இல்ல மேடம். நூறு நாள் வேலைக்குப் போவுது, வந்து மாடு பாக்குது. அப்புறம் சொல்றேன் அப்புறம் சொல்றேன்னுது.” கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள்: “உங்க மேடம் இத என்னத்துக்குக் கேக்குதுன்னு கேட்டுச்சு.”